நேற்றைவிட இன்று தேவலையா? பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு என்னென்ன நடக்கலாம்

மும்பை சயான் பக்கம் வயிற்றுக்குச் சோனோகிராஃபி ஸ்கேன் எடுத்துவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் உறையோடு நேராக எங்கள் வீட்டுப் படியேறுகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். மும்பையில் 22 வருஷம் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். தாராவியில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நிறைய. டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ சொன்னதில் பாதி புரிந்திருக்கும். மீதிப் பாதி பயத்தில் காதிலேயே ஏறியிருக்காது. ‘பித்தே கி தைலி மே பத்ரி’, அதாவது பித்தப்பையில் கல்; ‘தூர்பீன் ஸே ஆபரேஷன்’. இந்த இரண்டு மட்டும் மனதில் நின்றிருக்கும். தூர்பீன் என்று அவர்கள் சொல்வது லேப்ரோஸ்கோப்பியை. வயிற்றைக் கிழிக்காமல் சின்னத் துளைகள் வழியாகக் கேமராவை விட்டுச் செய்வது.

வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். பை இல்லாமல் சாப்பாடு செரிக்குமா? பையை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுக்க முடியாதா? உயிருக்கு ஆபத்து உண்டா? மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் நாலாவதாக ஒன்றை அநேகமாக யாரும் கேட்பதில்லை: வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும்? இந்த ஆபரேஷனில் வருகிற பெரிய சிக்கல்கள் பல, ஆபரேஷன் மேஜையில் தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீடு வந்து சேர்ந்த பிறகு, இரண்டாம் நாள், மூன்றாம் நாள், சில சமயம் ஒரு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அப்போது பக்கத்தில் டாக்டரும் இருக்க மாட்டார், நர்ஸும் இருக்க மாட்டார். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டு டிரம்மும் பித்தப்பையும்

மும்பையில் சாலில், அதாவது வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள குடியிருப்பில், இருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குழாயில் தண்ணீர் வருவது நாளைக்குச் சில மணி நேரம். அதை நீல டிரம்மில் பிடித்து வைத்து, வேண்டும்போது மொண்டுகொள்கிறோம். பித்தப்பை அந்த டிரம் மாதிரி. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கும். அதில் கொஞ்சத்தைப் பிடித்து, கெட்டியாக்கி வைத்திருப்பதுதான் பித்தப்பையின் வேலை. கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் கத்தரிக்காய் மாதிரி இருக்கும். கொள்ளளவு 30 முதல் 50 மில்லி. கட்டிங் சாய் கொடுக்கும் சின்ன டீ கிளாஸில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் நெய்யும் சேர்ந்த சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் பை சுருங்கி, சேர்த்து வைத்ததைச் சிறுகுடலுக்குள் விடும். கொழுப்பு செரிக்க அது உதவுகிறது.

டிரம்மை நாலு நாள் கழுவாமல் விட்டால் அடியில் படிவது மாதிரி, பித்தநீர் தேங்கினாலும் படியும். கொலஸ்ட்ரால் அதிகமாகிப் படிகமாகும், நாளடைவில் கல்லாகும். ரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதிலிருந்து வரும் நிறமி படிந்து கறுப்புக் கல்லாவதும் உண்டு. தென்னிந்தியர்களிடம் அந்த வகையும் நிறையப் பார்க்கிறோம். பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு, உடல் பருத்தவர்களுக்கு, கிடுகிடுவென எடை குறைத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு கூடுதல்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். டிரம்மை எடுத்துவிட்டால் வீட்டில் தண்ணீரே இல்லாமல் போகுமா? போகாது, குழாய் இருக்கிறது. பித்தப்பையை எடுத்த பிறகும் கல்லீரல் சுரந்துகொண்டேதான் இருக்கும். சொட்டுச் சொட்டாக நேராகக் குடலுக்குப் போகும். சாப்பாடு செரிக்கும். கல்லை மட்டும் எடுத்தால் போதாதா என்றால், கல்லை உண்டாக்கியதே அந்தப் பைதான். அதை உள்ளே விட்டுவைத்தால் பலருக்கு மறுபடி கல் வந்துவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தியில் சிறுநீரகக் கல்லும் பத்ரிதான், பித்தப்பைக் கல்லும் பத்ரிதான். அதனால் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைத்தண்டு வாங்கி, மூன்று மாதம் சாறு குடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாழைத்தண்டை நம் ஊரில் சொல்வது சிறுநீரகக் கல்லுக்கு. அந்தச் சாறு பித்தப்பைக்குள் போய்க் கல்லைக் கரைக்க வழியே இல்லை. ஆப்பிள் ஜூஸும் ஆலிவ் எண்ணெயும் குடித்தால் கல் வெளியே வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதில் மலத்தோடு வரும் பச்சை உருண்டைகள் கல் அல்ல. குடித்த எண்ணெய் குடலில் சோப்பு மாதிரி திரண்டு வருவது அது. மருந்தால் கரைக்கும் முயற்சி சிறிய கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டும் உண்டு. மாதக்கணக்கில் மாத்திரை, நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும்.

எல்லாக் கல்லுக்கும் கத்தி வேண்டாம்

வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது கல் தெரிந்தது, வலி ஒன்றும் இல்லை என்றால் பதற வேண்டாம். அப்படி அமைதியாக இருக்கும் கற்களில் பெரும்பாலானவை கடைசிவரை தொந்தரவு தருவதில்லை. மிகப் பெரிய கல், பையின் சுவர் சுண்ணாம்பாகியிருப்பது, கூடவே வளர்ந்துவரும் கட்டி போன்ற சில நிலைகளில்தான் வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வார்கள்.

வலி வந்துவிட்டால் கதை வேறு. பித்தப்பை வலிக்கு ஒரு சாயல் உண்டு. வடையோ பிரியாணியோ சாப்பிட்ட பிறகு, பெரும்பாலும் ராத்திரியில், நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்கு அடியிலோ பிடித்து இழுக்கும். வலது தோள்பட்டை எலும்பு வரை போகும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் இருந்துவிட்டுத் தானாக அடங்கும். ‘கேஸ்’ என்று சொல்லி ஈனோ குடித்துவிட்டுப் படுப்பார்கள். இந்த வலி திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அடுத்து பை வீங்கிச் சீழ் பிடிக்கலாம், கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்து மஞ்சள் காமாலை வரலாம், கணையம் வீங்கலாம். கணைய வீக்கம் சாதாரணமானது அல்ல, அதில் ஐ.சி.யு. வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷனால் வரும் ஆபத்தைப் பற்றிப் பேசும்போது, செய்யாமல் விட்டால் வரும் ஆபத்தையும் தராசின் மறுதட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வலி எதனால் என்பதை டாக்டரிடம் நன்றாகப் பேசிவிடுவதும் முக்கியம். கல்லும் இருக்கிறது, வயிறு உப்புசமும் இருக்கிறது. ஆனால் உப்புசத்துக்குக் காரணம் அல்சரோ மலச்சிக்கலோ என்றால், பையை எடுத்த பிறகும் உப்புசம் அப்படியே இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் ஏதோ ஒரு வயிற்றுத் தொந்தரவு தொடர்வதாகச் சொல்கிறார்கள். நான் மேலே சொன்ன சாயலில் வலி வந்தவர்களுக்கு நல்ல பலன் கிடைக்கும். எப்போதும் ‘வயிறு ஒரு மாதிரி’ என்றிருப்பவர்கள் முதலிலேயே மற்றச் சோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

நாலு துளைக்குள் நடப்பது

1882இல் பெர்லினில் லாங்கன்புக் என்பவர் முதன்முதலாகப் பித்தப்பையை வெட்டி எடுத்தார். அதற்குப் பிறகு நூறு வருஷம் விலாவுக்கு அடியில் ஒரு சாண் கிழித்துத்தான் இந்த ஆபரேஷன். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ரோஸ்கோப்பி வழியாகச் செய்தார். இந்தியாவில் இது தொடங்கியது நம் மும்பையில்தான்: 1990இல், பைகுல்லா ஜே.ஜே. மருத்துவமனையில், டாக்டர் டெஹம்டன் உத்வாடியா செய்தார். இன்று சின்ன நர்ஸிங் ஹோமில்கூடச் செய்கிறார்கள்.

முழு மயக்கம் கொடுப்பார்கள். வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பிக் கூடாரம் மாதிரி தூக்குவார்கள், உள்ளே பார்க்கவும் வேலை செய்யவும் இடம் வேண்டுமே. தொப்புளில் ஒரு துளை, அதில் கேமரா. நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் சின்னதாக இரண்டு. அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர்தான் ஒவ்வொன்றும்.

ஆபரேஷனின் உயிர் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் கிளம்பி, கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாயில், அதாவது பொதுப் பித்தநாளத்தில் சேரும். சின்னக் குழாயை வெட்ட வேண்டும், பெரிய குழாயைத் தொடவே கூடாது. இரண்டும் பக்கம் பக்கமாக, கொழுப்பும் சவ்வும் மூடிக் கிடக்கும். கூடவே பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி. காலோ முக்கோணம் என்று இந்த இடத்துக்குப் பெயர். நல்ல சர்ஜன் இங்கே அவசரப்பட மாட்டார். சவ்வைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, பைக்குள் போவது இரண்டே இரண்டுதான், ஒரு குழாய், ஒரு தமனி என்று கண்ணாரக் கண்ட பிறகுதான் டைட்டானியம் கிளிப் போட்டு வெட்டுவார். அந்தக் காட்சி திரையில் தெரியும் நிமிடத்தில் தியேட்டரில் பேச்சு நின்றுவிடும். நான் டிரே பக்கத்தில் நின்ற நாட்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு ஒரு கணம் நின்றுதான் வரும். கிளிப் உள்ளேயே இருந்துவிடும். டைட்டானியம் என்பதால் பயமில்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

பை பலமுறை வீங்கி வீங்கி ஆறியிருந்தால் அந்த முக்கோணம் கல் மாதிரி இறுகிப்போயிருக்கும். எது எதுவென்று தெரியாது. அப்போது சர்ஜன் கேமராவை எடுத்துவிட்டு வயிற்றைத் திறந்து செய்வார். அல்லது பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார். திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இப்படித் திறக்க வேண்டி வரலாம், கடும் வீக்கத்தோடு வருகிறவர்களில் அதைவிடக் கூடுதல். வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள், “தூர்பீன்னு சொல்லிட்டுக் கிழிச்சிட்டாங்களே” என்று கொதிப்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெட்டாமல் நிறுத்தினாரே, அந்த டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இது எழுதியிருக்கும். மராத்தியில் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

எல்லாம் சரியாகப் போனால் மறுநாளோ அதற்கு மறுநாளோ வீடு. அப்படிச் சரியாகப் போகிறவர்கள்தான் மிகப் பெரும்பாலானோர். திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான். அதுவும் பெரும்பாலும் வயதானவர்கள், இதய நோயோ வேறு பெரிய நோயோ உள்ளவர்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் வலது தோள் வலிக்கும். ஆபரேஷன் வயிற்றில், வலி தோளிலா என்று பயந்துபோய் எனக்குப் போன் செய்யாதவர்கள் குறைவு. உள்ளே விட்ட வாயுவில் மிச்சம் இருப்பது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தும். அதற்கும் தோளுக்கும் கழுத்திலிருந்து வரும் நரம்பு வேர்கள் பொது. அதனால் மூளை தோளில் வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது. எழுந்து நடந்தால் சீக்கிரம் குறையும். துளை போட்ட இடங்களில் வலி, கொஞ்சம் குமட்டல், இரண்டு நாள் மலம் வராமல் இருப்பது, இவையும் வழக்கமானவை.

சாப்பாட்டில் நம் ஆட்கள் இரண்டு தப்புச் செய்கிறார்கள். ஒன்று, ஆறு மாதம் கஞ்சியும் ரொட்டியுமாக ‘பர்ஹேஸ்’ என்று பத்தியம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வது. இன்னொன்று, வந்த மூன்றாம் நாளே பூரி. இட்லி, ரசம் சாதம், மோர் என்று தொடங்கி, எண்ணெயைப் படிப்படியாகக் கூட்டினால் சில வாரத்தில் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். சிலருக்குச் சாப்பிட்டதும் வயிற்றுப்போக்காகும். பித்தநீர் நேராகக் குடலுக்குப் போவதால் வருவது அது. பெரும்பாலும் வாரங்களில் அடங்கும்; அடங்காவிட்டால் பித்த உப்பைப் பிடித்துவைக்கும் மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் பத்து நாளில் போகலாம். ஆனால் முதல் வாரங்களில் காலை எட்டரை மணி லோக்கல் ரயிலில் நசுங்க வேண்டாம். பெண்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்கிறேன்: ஒரு மாதத்துக்குத் தண்ணீர்க் குடமோ பக்கெட்டோ தூக்காதீர்கள். காலையில் குழாய் வந்ததும் கை தானாகக் குடத்துக்குப் போகும். வீட்டில் வேறு யாராவது பிடிக்கட்டும். தொப்புள் துளையின் உள்தையல் விட்டுப்போனால் குடலிறக்கம் வரும், அதற்கு இன்னொரு ஆபரேஷன்.

இத்தனைக்கும் நடுவே வீட்டில் இருப்பவர்கள் தினமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. நேற்றைவிட இன்று தேவலையா? இந்த ஆபரேஷன் செய்தவர்கள் நாளுக்கு நாள் தேறி வர வேண்டும். வலி குறைய வேண்டும், பசி கூட வேண்டும், நடை கூட வேண்டும். இரண்டாம் நாளைவிட மூன்றாம் நாள் மோசம் என்றால், காரணத்தை நாமே யோசித்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

மதினிக்கு நடந்தது

எங்கள் தெருவில் விடியற்காலையில் இட்லி அவித்துக் கொடுத்து அனுப்பும் ஒரு மதினிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஆபரேஷன் நடந்தது. மறுநாளே டிஸ்சார்ஜ். இரண்டாம் நாள் எழுந்து டீ போட்டுக் குடித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் மகள் வந்து, “சித்தி, அம்மாவுக்கு ஒரே கேஸா இருக்கு, என்ன மாத்திரை வாங்கலாம்?” என்றாள்.

போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை. வயிறு எல்லாப் பக்கமும் உப்பி, கை வைத்தால் முகம் சுளிக்கிறது. ஜுரம் பெரிதாக இல்லை. நாடியைப் பிடித்தேன், நிமிஷத்துக்கு 118. கண்ணில் மஞ்சள் இன்னும் இல்லை.

“மதினி, நேத்தைவிட இன்னிக்குத் தேவலையா?”

“இல்லம்மா, நேத்தே தேவல. காலையிலருந்து ஒரு வாய் இறங்கல.”

அந்தப் பதில் எனக்குப் போதும். மாத்திரை வேண்டாம், ஆட்டோவைக் கூப்பிடு என்றேன். ஆபரேஷன் செய்த இடத்தில் முதலில் இருந்தவர், “வாயுவாக இருக்கும், நாளைக்கு ஓ.பி.டி.க்கு வாங்க” என்றார். ராத்திரியே சோனோகிராஃபி எடுக்காமல் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டோம். எடுத்தார்கள். கல்லீரலுக்கு அடியிலும் வயிற்றிலும் நீர். குழாய் போட்டு எடுத்தபோது பாட்டிலில் பச்சையும் மஞ்சளுமாக வந்தது பித்தநீர்.

இதற்குப் பெயர் பித்தக் கசிவு. நூற்றில் ஒருவர் அளவில் வருகிறது. வெட்டிய சின்னக் குழாயின் கிளிப் நழுவியிருக்கலாம். அல்லது பை ஒட்டியிருந்த இடத்தில் கல்லீரலிலிருந்து நேராக வரும் நூல் போன்ற நாளம் ஒன்று கண்ணில் படாமல் வெட்டுப்பட்டிருக்கலாம். வயிற்றுக்குள் பித்தநீர் தேங்கினால் முதலில் உப்புசம்போலத்தான் இருக்கும். கதறி அழுகிற வலி எல்லோருக்கும் வராது, ஜுரமும் தாமதமாக வரும். அதனால்தான் ‘கேஸ்’ என்ற சொல் இங்கே இவ்வளவு ஆபத்தாகிறது.

வைத்தியம் பெரும்பாலும் வயிற்றைத் திறக்காமலே முடியும். இ.ஆர்.சி.பி. என்று ஒன்று: வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, பித்தநாளம் குடலில் திறக்கும் வாயிலில் ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாயை வைப்பார்கள். பித்தநீருக்குச் சுலபமான வழி கிடைத்ததும், கசிகிற ஓட்டை தானாக ஆறும். மதினிக்கும் அதைத்தான் செய்தார்கள். எட்டாம் நாள் வீடு வந்தார்.

இதைவிடப் பெரிய சிக்கல் பெரிய குழாயே அடிபடுவது. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு நடக்கிறது. வயிற்றைத் திறந்து செய்த காலத்தைவிட லேப்ரோஸ்கோப்பியில் இது கொஞ்சம் கூடுதல் என்பதை மறைக்கக் கூடாது. பெரும்பாலும் கை தவறி நடப்பதில்லை, கண் ஏமாறுவதால் நடக்கிறது: பெரிய குழாயைச் சின்னக் குழாய் என்று நினைத்து வெட்டிவிடுவது. பித்தநீர் குடலுக்குப் போக வழியில்லாமல் கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து நாளத்தோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம். இதை இந்த வேலையையே தினம் செய்கிற கல்லீரல்-பித்தநாள அறுவை நிபுணர் செய்தால் பலன் நன்றாக இருக்கும். அதனால், “பெரிய இடத்துக்கு அனுப்புகிறோம்” என்று டாக்டர் சொன்னால் தடுக்காதீர்கள்.

மஞ்சள் காமாலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பையிலிருந்த கல் ஒன்று ஆபரேஷனுக்கு முன்பே நழுவிப் பெரிய குழாயில் ஒளிந்திருக்கலாம். மாதங்கள் கழித்துக்கூட வெளிப்படும். பையை எடுத்த பிறகு எப்படிக் கல் என்று நம்ப மறுப்பார்கள். அதையும் இ.ஆர்.சி.பி.யில் எடுத்துவிடலாம்.

ரத்தக் கசிவு, குடலில் ஊசியோ சூடோ பட்டு ஓட்டையாவது, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது ஆகியவை அரிது. ஆனால் தலைசுற்றி விழுவது, விடாத வாந்தி, குளிர்ஜுரம், கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் ராத்திரி ஆனாலும் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். டிஸ்சார்ஜ் கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். என்ன ஆபரேஷன் என்று அங்கே விளக்கவே பாதி நேரம் போய்விடும்.

ஆறாவது வாரத்தில் வரும் புண்

புண்ணில் சாதாரணச் சீழ் என்றால் முதல் வாரத்திலேயே தெரியும், பெரும்பாலும் தொப்புளில்தான். நான் சொல்ல வருவது வேறொன்று, நம் நாட்டில் அவ்வப்போது பார்ப்பது. புண் நன்றாக ஆறிவிடும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அதே இடத்தில் சின்னக் கட்டி எழும்பும். ஜுரம் இல்லை, பெரிய வலி இல்லை. உடைந்து நீர் மாதிரி வடியும். ஒன்று ஆறினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். மெடிக்கலில் வாங்கிப் போடும் ஆன்டிபயாட்டிக் எதற்கும் அடங்காது.

இது காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான மைக்கோபாக்டீரியா வகைக் கிருமிகளால் வரலாம். தண்ணீரிலும் மண்ணிலும் இருப்பவை. லேப்ரோஸ்கோப்பிக் கருவிகள் நீளமானவை, உள்ளே குழாய், மூட்டு, இடுக்கு. சில கருவிகள் கொதிக்கும் நீராவியைத் தாங்காது. பிரித்துச் சரியாகத் தேய்க்காமல், மருந்துக் கரைசலில் அவசரமாக முக்கி, குழாய்த் தண்ணீரில் அலசினால் கிருமி போகாது. கருவியைப் பிரித்துத் தேய்ப்பதுதான் பல வருஷம் என் வேலை. ஒரு மூட்டுக்குள் உலர்ந்த ரத்தத் துணுக்கைப் பார்த்துவிட்டு முழுத் தட்டையும் திருப்பி அனுப்பி, திட்டு வாங்கியிருக்கிறேன். அடுத்து படுக்கப்போகிறவர் வயிற்றில் அல்லவா அது இறங்கும்! உங்களுக்கு இப்படிப் புண் வந்தால், சீழையும் தசைத் துணுக்கையும், இந்த வகைக் கிருமியைத் தேடும் ‘ஏ.எஃப்.பி.’ சோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மாதக்கணக்கில் தனி மருந்து சாப்பிட வேண்டியிருக்கும், குணமாகும்.

வாங்காமல் விடும் ஒரு காகிதம்

எடுத்த பையைப் பயாப்ஸிக்கு, அதாவது திசுச் சோதனைக்கு அனுப்புவார்கள். கல்லைப் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டுவார்கள், பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும் கவுன்ட்டரிலேயே கிடக்கும். பித்தப்பைப் புற்றுநோய் உலகிலேயே அதிகமாகக் காணப்படும் இடங்களில் சில கங்கைச் சமவெளியில் இருக்கின்றன, தெற்கில் அந்த நோய் குறைவு. குறைவுதானே தவிர இல்லாமல் இல்லை. வெளியே ஒன்றும் தெரியாமல், பயாப்ஸியில் மட்டும் பிடிபடும் ஆரம்ப நிலைப் புற்று எப்போதாவது ஒருவருக்கு இருக்கும். அந்த ஒருவருக்கு அந்தக் காகிதம்தான் உயிர். இரண்டு வாரத்தில் கேட்டு வாங்கி, டாக்டரிடம் காட்டிவிட்டு ஃபைலில் வையுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. பித்தநாளத்தில் வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரமானது அல்ல. ஓட்டை ஆறியதும், பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில், மறுபடி எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்துவிட வேண்டும். உடம்பு நன்றாகிவிட்டது என்று மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். மாதங்கள் போனால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, குளிர்ஜுரமும் காமாலையுமாக வந்து நிற்பார்கள்.

மதினி மறக்கவில்லை. அவர் வீட்டுத் தினசரி நாட்காட்டியில் அந்தத் தேதியை மகள் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டையும் அதே ஆணியில் மாட்டியிருந்தாள். அன்று காலை இட்லிக்கடைக்கு விடுமுறை. மூன்று பேருமாக ஆட்டோவில் போனோம். கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.